கேம் விளையாட லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை நம்பாதீங்க, 'வாட்' கணக்கை பாருங்க!

வேலூர்:

பிளஸ்-2 முடித்து காலேஜில் சேரும் பையன்கள் வீட்டில் முதலில் கேட்பது லேப்டாப். அதிலும் 'சாதா லேப்டாப் வேண்டாம், கேமிங் லேப்டாப்தான் வேண்டும்' என்று அடம் பிடிப்பவர்கள் அதிகம். 'படிப்புக்கும் ஆச்சு, விளையாட்டுக்கும் ஆச்சு' என்று பெற்றோரும் தலையாட்டி விடுகிறார்கள். சீட்டு பணத்தை எடுத்தோ, மாதத் தவணையிலோ ரூ.60 ஆயிரம், ரூ.70 ஆயிரம் என்று போட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

தவணை முடிவதற்குள் பிரச்சினை ஆரம்பித்து விடுகிறது. 'கேம் திக்கித் திக்கி ஓடுது', 'அடுப்பு மாதிரி கொதிக்குது', 'மூடியை திறந்தா கீல் பிய்ச்சுக்கிட்டு வருது' என்று சர்வீஸ் கடை படி ஏற வேண்டியதாகிறது. அங்கே 'போர்டு போச்சு சார்' என்று சொல்லி, வாங்கிய விலையில் பாதியை கேட்டால் என்ன செய்வது?

இந்த தலைவலிகளில் பெரும்பாலானவை 2 விஷயங்களில் அடங்கி விடும். ஒன்று, லேப்டாப்புக்குள் போகும் கரண்டு. இன்னொன்று, அதில் இருந்து வெளியே வர வேண்டிய சூடு. இந்த இரண்டையும் புரிந்து கொண்டால் வாங்கும்போதும் ஏமாற வேண்டாம், ரிப்பேர் கடையிலும் ஏமாற வேண்டாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெயர் ஒன்று, வேகம் வேறு

கேம் ஓடுவதற்கு முக்கியமானது 'கிராபிக்ஸ் கார்டு'. திரையில் ஓடும் காட்சிகளை நொடிக்கு நொடி வரைந்து கொடுப்பது இதன் வேலை. கடைகளில் 'ஆர்.டி.எக்ஸ். 3050 இருக்கு', 'ஆர்.டி.எக்ஸ். 4050 இருக்கு' என்று ஸ்டிக்கரை காட்டி விலை சொல்வார்கள். வாங்குபவரும் நம்பரை மட்டும் பார்த்து பணத்தை நீட்டி விடுகிறார்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட கார்டு எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. 'என்விடியா' கம்பெனியின் கணக்குப்படி, ஆர்.டி.எக்ஸ். 3050 லேப்டாப் கார்டை 35 வாட்டில் இருந்து 80 வாட் வரை எந்த அளவிலும் லேப்டாப் கம்பெனிகள் பொருத்தலாம். 2023-ல் வந்த 4050 கார்டுக்கு இது 35-ல் இருந்து 115 வாட் வரை. 2025-ல் வந்த 5050 கார்டுக்கு 35-ல் இருந்து 100 வாட் வரை.

லோ வோல்டேஜில் மோட்டார் போட்டால் மேல் தொட்டிக்கு தண்ணீர் எப்படி ஏறும்? அதே கதைதான். மோட்டார் நல்ல மோட்டார்தான். கரண்டு பத்தவில்லை என்றால் முக்கும். மெல்லிசாக, அழகாக இருக்கும் லேப்டாப்பில் சூட்டை வெளியேற்ற இடம் இருக்காது. அதனால் கார்டின் வாட் அளவை குறைத்து வைத்திருப்பார்கள். பெரிய நம்பர் கார்டு வாங்கியும் பக்கத்து அறை நண்பனின் சின்ன நம்பர் லேப்டாப்பிடம் தோற்பது இதனால்தான்.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் கார்டுக்கு எத்தனை வாட்?' என்பதுதான். 'டி.ஜி.பி.' என்ற பெயரில் கம்பெனியின் இணையதளத்தில் இந்த அளவு போட்டிருக்கும். அங்கே இல்லை என்றால் சார்ஜரை திருப்பி பாருங்கள். கார்டுக்கு 95 வாட், பிராசசருக்கு 45 வாட் என்று வைத்தாலே 140 வாட் ஆகி விடும். திரை, ஃபேன், பேட்டரிக்கு தனி. 120 வாட் சார்ஜரை கொடுத்து விட்டு 'புல் பவர் கார்டு சார்' என்று சொன்னால் கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை ஜி.பி. தேவை?

கிராபிக்ஸ் கார்டுக்கு என்று தனி மெமரி உண்டு. 2021-ல் வந்த 3050-ல் இது 4 ஜி.பி. பிறகு வந்த 3050-ல் 6 ஜி.பி. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய 4 ஜி.பி.யை தலையில் கட்டி விடும் வாய்ப்பு இருக்கிறது. 4050-ல் 6 ஜி.பி., 5050-ல் 8 ஜி.பி. இருக்கிறது.

என்ன கேம் விளையாடப் போகிறீர்கள் என்பதை பொறுத்துதான் தேவை. 'வாலரண்ட்' போன்ற லேசான கேமுக்கு பெரிய கார்டே வேண்டாம். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ.5' விளையாட 4 ஜி.பி. போதும். ஆனால் 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ்' கேமுக்கு குறைந்தபட்சமே 8 ஜி.பி. வேண்டும். புதுசு புதுசாக வரும் பெரிய கேம்கள் மேல் ஆசை இருந்தால் 4 ஜி.பி. பக்கமே போகாதீர்கள்.

'ராம்' 16 ஜி.பி. இருப்பது நல்லது. அதுவும் ஒரே துண்டாக இல்லாமல் 8+8 என்று 2 துண்டாக இருந்தால் வேகம் கூடும். '8 ஜி.பி. வாங்கிட்டு பிறகு ஏத்திக்கலாம்' என்று நினைப்பவர்கள் 2 விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். ராம் மாட்ட காலி இடம் இருக்கிறதா? மூடியை திறந்தால் வாரண்டி போகுமா? 2025 கடைசியில் ராம் விலை எகிறியதால், பிறகு ஏற்றலாம் என்று விட்டவர்கள் கையை பிசைய வேண்டியதாகி விட்டது.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 'எச்' என்று முடிந்தாலோ, 'எச்.எஸ்.' என்று முடிந்தாலோ கேமுக்கு ஏற்றது. 'யூ' என்று முடிந்தால் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக வந்தது. ஏ.எம்.டி. கம்பெனியின் 7000 வரிசை பிராசசரில் 3-வது இலக்கத்தை பார்க்க வேண்டும். 7640-ல் வரும் 4 புது வடிவமைப்பு. 7520-ல் வரும் 2 என்பது 2019-ல் வந்த வடிவமைப்பு. பெட்டி புதுசு, சரக்கு பழசு.

பிளக்கையும் பாருங்க

சில மாடல்களின் சார்ஜருக்கு மிக்சி, டி.வி.க்கு இருக்கும் சின்ன பிளக் வராது. ஏ.சி., கீசருக்கு மாட்டும் பெரிய 3 பின் பிளக்தான் வரும். ஹாஸ்டல் அறையில் அதற்கு சாக்கெட் இருக்கிறதா என்று விசாரித்துக் கொள்ள வேண்டும். எர்த் சரியில்லாத சாக்கெட்டில் மாட்டினால் லேப்டாப்பின் இரும்பு பாகத்தை தொடும்போது 'சுர்' என்று இழுக்கும். லேப்டாப்பை குறை சொல்வதற்கு முன்பு எலக்ட்ரீசியனை கூப்பிட்டு எர்த்தை பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் உஷார்

பட்ஜெட் இடிப்பவர்கள் காட்பாடியில் ரெயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போகிறார்கள். நல்ல சரக்கும் அங்கே கிடைக்கும், ஏமாறுபவர்களும் உண்டு. பழைய லேப்டாப் எங்கே வாங்கினாலும் கீழ்க்கண்டவற்றை அங்கேயே சோதித்து பார்க்க வேண்டும்:-

* 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்பாமன்ஸ்' பகுதியை பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் பெயர் அங்கே தெரியும். ஆபீசில் கழித்துக் கட்டிய சாதா லேப்டாப்பை 'கேமிங்' என்று விற்றால் குட்டு வெளிப்பட்டு விடும்.

* ஒரு கேமை போட்டு 20 நிமிடமாவது ஓட விடுங்கள். முதல் 2 நிமிடம் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். சூடு ஏறிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

* விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால் இன்டெல்லில் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

* ஒரிஜினல் பில் கேளுங்கள். அதில் உள்ள சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டு லேப்டாப்பை வாங்கி விட்டு போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டாம்.

காசு செலவில்லாத வைத்தியம்

கேம் திக்கினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜர் மாட்டித்தான் விளையாடுகிறீர்களா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டின் வேகம் பாதியாக குறைவது சகஜம். அடுத்து, லேப்டாப் 'சைலண்ட்' முறையில் இருந்தால் 'பெர்பாமன்ஸ்' முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸ் செட்டிங்கில் 'கிராபிக்ஸ்' பகுதிக்கு போய் அந்த கேமுக்கு பெரிய கார்டை தேர்வு செய்யுங்கள். பல நேரம் பெரிய கார்டு சும்மா தூங்க, பிராசசரில் இருக்கும் சின்ன கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் சூடுதான் காரணம். பிராசசர் 95, 100 டிகிரியை தொட்டதும் தன்னை காப்பாற்றிக் கொள்ள தானே வேகத்தை குறைத்துக் கொள்ளும். இது பழுது அல்ல, தற்காப்பு. 'எச்.டபிள்யூ.இன்போ' என்ற இலவச சாப்ட்வேர் போட்டால் எத்தனை டிகிரி என்று தெரிந்து விடும்.

அக்னி நட்சத்திர நேரத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியை தாண்டுவது வழக்கம். அறையின் சூடு 10 டிகிரி கூடினால் லேப்டாப்பின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். அந்த நேரத்தில் மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடினால் அடியில் உள்ள காற்று துளைகள் அடைத்துக் கொள்ளும். மேஜையில் வைத்து, பின்பக்கம் 2 பாட்டில் மூடிகளை முட்டு கொடுத்தாலே காற்று போக வழி கிடைக்கும்.

ஒரு வருடம் ஓடிய லேப்டாப்பில் ஃபேனுக்கு பின்னால் தூசி பாய் போல படிந்திருக்கும். வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்ய சொல்லுங்கள். வாரண்டி முடிந்து, நீங்களே திறப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பை கழற்ற வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். காய்ந்து போன 'தெர்மல் பேஸ்ட்'டை மாற்றினால் பல டிகிரி குறையும். சில விலை உயர்ந்த மாடல்களில் பேஸ்டுக்கு பதில் திரவ உலோகம் இருக்கும். அது சிந்தினால் போர்டு அதோகதிதான். அதில் கை வைக்காதீர்கள்.

நோய் ஒன்று, மருந்து ஒன்று

திரையில் கோடு விழுதா? எச்.டி.எம்.ஐ. வயரை மாட்டி டி.வி.யில் பாருங்கள். டி.வி.யில் கோடு இல்லை என்றால் திரையிலோ அதன் கேபிளிலோதான் கோளாறு. டி.வி.யிலும் கோடு தெரிந்தால் கார்டு பக்கம் சந்தேகப்படலாம். டிரைவர் சாப்ட்வேரை மாற்றிப் போட்டும் போகவில்லை என்றால் கார்டில்தான் பழுது. சில கடைகளில் சிப்பை சூடாக்கி ஓட வைப்பார்கள். அது தற்காலிகம்தான். சில நாளிலோ, சில மாதத்திலோ மறுபடி படுத்து விடும். அதற்கு பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

ஆன் ஆகிறது, திரை கறுப்பாக இருக்கிறதா? சார்ஜரை கழற்றி விட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜர் மாட்டி பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ராமை கழற்றி, அதன் தங்க நிற முனையை ரப்பரால் லேசாக துடைத்து மாட்டினால் பல லேப்டாப்புகள் உயிர் பெற்று விடும். இந்த 10 நிமிட வேலைக்குத்தான் சில இடங்களில் 'போர்டு போச்சு' என்கிறார்கள்.

மூடி திறக்கும்போது 'கடகட' சத்தம் வருதா? உடனே நிறுத்துங்கள். கீலை பிடித்திருக்கும் ஸ்குரூ பிளாஸ்டிக்கில்தான் புதைந்திருக்கும். ஆரம்பத்திலேயே கீலை தளர்த்தி, ஸ்குரூவை இறுக்கினால் சின்ன செலவு. உடையும் வரை விட்டால் மூடியோடு திரையும் போகும். ஒரு மூலையை பிடித்து தூக்காமல் நடுவில் பிடித்து திறப்பதே நல்லது.

டீ கொட்டி விட்டதா? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரை பிடுங்கி, லேப்டாப்பை விரித்து கவிழ்த்து வையுங்கள். 'வேலை செய்யுதா' என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது. அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பயன் இல்லை. உள்ளே போன சர்க்கரையை அரிசி எடுக்காது. அன்றைக்கே திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

பேட்டரி வீங்கினால் ஆபத்து

எல்லாவற்றையும் விட கவனிக்க வேண்டியது இதுதான். மவுசுக்கு பதிலாக விரலால் தேய்க்கும் 'டச் பேடு' மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடி மூடி உப்பினாலோ பேட்டரி வீங்கி விட்டது என்று அர்த்தம். 'இன்னும் நல்லாத்தானே ஓடுது' என்று சார்ஜ் போடாதீர்கள். குத்தவோ, அழுத்தவோ கூடாது. தீப்பிடித்து விடும். அணைத்து விட்டு, பேட்டரியை கடைக்காரர் மூலம் கழற்ற வேண்டும். கழற்றியதை குப்பை தொட்டியில் போடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரிடமோ, மின்னணு கழிவு சேகரிப்பவரிடமோ கொடுக்க வேண்டும். 2022-ல் மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளை சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்து விளையாடுபவர்கள், லேப்டாப் கம்பெனியின் சாப்ட்வேரில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி மாற்றி வைத்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

வாரண்டி மறுத்தால்?

வாரண்டி காலத்தில் 'இது உங்க தப்பு' என்று கைகழுவினால் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ் ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனு கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

ரூ.70 ஆயிரம் என்பது பல வீடுகளில் பல மாத உழைப்பு. கடைக்கு போகும் முன்பு கார்டின் வாட், கார்டின் மெமரி, ராம், சார்ஜர் என்ற 4 அளவையும் ஒரு துண்டு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த 4-க்கும் நேராக பதில் சொல்லாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.