கடை வேலைக்கேற்ற உடை: தைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

தீபாவளிக்குக் கடை ஊழியர்களுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பது நம் வணிகர்களிடம் வழிவழியாக உள்ள நல்ல வழக்கம். ஆனால் அந்தத் துணி ஊழியரின் வீட்டு விசேஷத்துக்கே பயன்படுகிறது. மூட்டை தூக்க அவர் வருவதென்னவோ பழைய லுங்கியிலும் கழுத்தில் சுற்றிய துண்டிலும்தான். ஆண்டு முழுவதும் அணிகிற வேலை உடையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

இன்று பெருநகர இளைஞர்கள் நாகரிகம் என்று விலை கொடுத்து வாங்கும் உடைகள் பல, ஒரு காலத்தில் உழைப்பாளிக்கென்று தைக்கப்பட்டவை. அமெரிக்காவின் ரெனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், வேலையாட்களின் கால்சட்டைப் பை ஓரம் கிழியாமலிருக்கச் செப்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி அனுப்பி வந்தவர் சான்பிரான்சிஸ்கோவின் மொத்த ஜவுளி வியாபாரி லெவி ஸ்ட்ராஸ். இருவரும் கூட்டுச் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றனர். அதுவே ஜீன்ஸ். துணி எங்கே கிழிகிறது என்று பார்த்தவர் தையல்காரர். அதற்கு முதல் போட்டவர் நம்மைப் போன்ற ஒரு வியாபாரி. 1889இல் டெட்ராய்ட் நகரில் ரயில்வே தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கார்ஹார்ட் நிறுவனத்தின் உடைகளும் பிற்காலத்தில் நகர இளைஞர்களின் விருப்பமாயின. 'டங்கரீ' என்ற முரட்டுத் துணியின் பெயர் மும்பையின் டோங்கிரிப் பகுதியிலிருந்து போனது. 'காக்கி' என்றாலே புழுதி நிறம் என்றுதான் பொருள்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. முதலில் வேலையைப் பார்க்க வேண்டும்; பிறகுதான் துணியை வெட்ட வேண்டும்.

நம் ஊரின் வேலை

விழுப்புரம் பல ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனம், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் இடம். இங்கெல்லாம் சரக்கு இரவிலும் இறங்குகிறது. நெல், மணிலா, உளுந்து என்று தூசு படியும் சரக்கே அதிகம். கோடையில் வியர்வை, ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது நம் பகுதி வெள்ளக்காடானதை மறக்க முடியுமா? வேலை உடை இத்தனைக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

நான்கு உடைகள் போதும்

1. சுமை இறக்குபவருக்கு: பருத்தி டிரில் துணியில் அரைக்கைச் சட்டை. தோளில் மூட்டை உரசும் இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைக்க வேண்டும். தோள்பட்டையில் பட்டனோ பையோ கூடாது. மூட்டை அழுத்தும்போது குத்தும். லுங்கிக்குப் பதில் முழங்காலுக்குக் கீழ் நிற்கும் தொளதொளப்பான கால்சட்டை இருந்தால் லாரிப் பலகையில் கால் தடுக்காது. இரவில் இறக்குபவருக்கு முதுகிலும் மார்பிலும் வெளிச்சத்தில் மின்னும் பட்டை அவசியம். பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் படுவது அதுதான்.

2. பொட்டலம் கட்டுபவருக்கு: முன்பக்க ஏப்ரன், தலைக்குத் தொப்பி. உணவுப் பொருளைக் கையாள்பவர் தூய உடை அணிய வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளது. பெண் ஊழியர்களுக்குப் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் உள்ளே அடங்கும்படி மேல்கோட்டு தைக்கலாம்.

3. மாவு மில், செக்கு வைத்திருப்போர் கடைக்கு: தொங்கும் நாடா, கழுத்துத் துண்டு, நீளக் கை எதுவும் ஆகாது. ஓடும் பெல்ட்டில் ஒரு முனை சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். ஏப்ரனுக்கு நாடா முடிச்சுக்குப் பதிலாக, இழுத்தால் கழன்றுவிடும் ஒட்டுப் பட்டை வைக்க வேண்டும். உடை எப்படி இருந்தாலும் பெல்ட்டுக்குக் கம்பி வலை மறைப்புப் போடுவதைத் தவிர்க்கக் கூடாது.

4. வீடுகளுக்குச் சரக்குக் கொண்டு செல்பவருக்கு: சீக்கிரம் உலரும் மேலுடை, மழைக்கோட்டு, பில்லும் கைப்பேசியும் நனையாதபடி மூடியுள்ள பை.

பை வைக்கும் இடத்தை ஊழியரையே கேட்டு முடிவு செய்யுங்கள். பேனா, கத்தி, சணல், சில்லறை ஆகியவற்றைத் தேடி அவர் கை எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்தாலே தெரிந்துவிடும். கத்திப் பை தனியாக, கனத்த துணியில் இருக்க வேண்டும். குனிந்தால் சில்லறை கொட்டுகிற மேல்பை யாருக்கும் உதவாது. நம் நெசவாளர் நாட்டிலேயே வேட்டியில் ஒட்டுப் பட்டையும் கைப்பேசிப் பையும் வந்துவிட்டனவே!

வாங்கும் முறை

பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கும். 58 அங்குலப் பன்னாவில் ஒரு அரைக்கைச் சட்டைக்குச் சுமார் ஒன்றேமுக்கால் மீட்டர் ஆகும். ஒரே உடுப்பை நாள்தோறும் துவைத்து உடுத்த முடியாது. ஆளுக்கு இரண்டாவது வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் தைத்து, ஒரு மாதம் உடுத்தவைத்துக் குறைகளைத் திருத்திக்கொண்டு பிறகு மற்றவற்றைத் தைப்பது சிக்கனம். பத்துக் கடைகள் சேர்ந்தால் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் தானாகவே மொத்த விலைக்கு எடுத்து, உள்ளூர்த் தையல்காரரிடமே கொடுத்துவிடலாம். அவருக்கும் பண்டிகை இல்லாத மாதங்களில் வேலை கிடைக்கும்.

உடைக்கான செலவை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது முறையல்ல. கடைப் பெயரைப் பொறிப்பதானால் சிறியதாகப் பொறித்தால் போதும். அவர் நடமாடும் விளம்பரப் பலகை அல்லர்.

கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்திருத்தம் செய்தது. சட்டம் வந்த பிறகு செய்வதைவிட, வருவதற்கு முன் நாமே செய்வது வணிகர்களுக்குப் பெருமை. தராசையும் கல்லாவையும் பார்த்துப் பார்த்து வாங்குகிற நாம், அவற்றின் அருகே நாள் முழுதும் நிற்பவரின் சட்டையையும் ஒரு முறை பார்ப்போமாக. வருகிற தீபாவளிக்கு வழக்கமான புதுத்துணியோடு ஒரு வேலை உடையும் சேரட்டும்.