கொழும்புத் தடமும் தண்ணீரூற்றுப் புற்றரையும்



முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் செல்லும் வீதியில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ளது தண்ணீரூற்று. தைப்பொங்கல் கழிந்ததும், ஏனைய ஊர்களைப் போலவே அங்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆரவாரம் தொடங்கிவிடும். புல்லைச் செதுக்கி, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு இடுவார்கள். அக்கோட்டில் வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பெறும் பிள்ளை, வலயம், மாகாணம் எனப் படியேறித் தேசியப் போட்டிக்குத் தெரிவாகுமாயின், முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் அதற்குக் காத்திருக்கிறது. பயணத்தின் முடிவில் பலவேளைகளில் அப்பிள்ளை கால் வைக்கும் இடம் கொழும்பிலுள்ள சுகததாச விளையாட்டரங்கு. ஹோமாகமவை அடுத்த தியகமவிலும் இத்தகைய ஓர் அரங்கு உண்டு.

கொழும்பு மாநகர முதல்வராகவும் அமைச்சராகவும் விளங்கிய வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய இவ்வரங்கு, நமது சிறிய நாட்டின் மெய்வல்லுநர் போட்டிகளுக்குத் தலைமைக் களமாக இருந்து வந்துள்ளது. தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் 1991இலும் 2006இலும் கொழும்பில் நடைபெற்றபோது ஓட்டப் போட்டிகள் இங்கேயே நிகழ்ந்தன. 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டி நடந்ததும் இங்குதான்; சுசந்திகா ஜயசிங்க 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றதும் அப்போதே.

அங்கே விரிக்கப்பட்டிருக்கும் செயற்கைத் தடத்துக்கும் ஊர்ப் புற்றரைக்கும் என்ன வேறுபாடு? ஒலிம்பிக் போட்டியில் இவ்வகைத் தடம் முதன்முதலாக இடம்பெற்றது 1968இல், மெக்சிக்கோ நகரில். அதற்கு முன்னர் எரிகரித் துகள் பரப்பிய பாதைகளிலேயே வீரர்கள் ஓடினர். 1948இல் இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி வென்றதும் அவ்வாறான பாதையில்தான். யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைத் தேடித்தந்த காலத்திலும் செயற்கைத் தடம் வந்திருக்கவில்லை. ஆகவே, அத்தடம் இன்றேல் வீரர் இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. ஆனால் அன்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தரை இருந்தது. இன்று அந்நிலை இல்லை.

செயற்கைத் தடம் இறப்பரைப் போன்ற பொருளால் ஆனது. மிதித்த காலை அது சற்றே வாங்கி, உடனே மேலே தள்ளுகிறது. புற்றரை அவ்வாறு தள்ளுவதில்லை. காலின் வலுவில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. புற்றரையில் பழகிய பிள்ளை செயற்கைத் தடத்தில் முதன்முறை ஓடும்போது அடிவைப்பின் அளவே மாறிப்போகிறது. கெண்டைக்கால் வலிக்கத் தொடங்குகிறது. காலணியும் புதிது. செயற்கைத் தடத்தில் ஓட்டச் சப்பாத்தின் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் நீளலாகாது என்பது விதி. பிறரிடம் இரவல் வாங்கிய சப்பாத்துடன் போட்டியன்றே அதைப் பரீட்சித்துப் பார்க்கும் பிள்ளையின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் பெரிய சிக்கல் வளைவில் இருக்கிறது. முறைப்படி அமைந்த தடத்தில் இரு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீற்றர், இரு அரைவட்டங்கள், உள்விளிம்பின் ஆரை 36.50 மீற்றர். விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளந்தால் ஒரு சுற்று மிகச் சரியாக 400 மீற்றர் வரும். பாடசாலை மைதானம் பலவற்றில் இதற்கு இடம் போதாது. ஆகவே 200 மீற்றர்ச் சுற்றே வரைகின்றனர். ஆரை பாதியாகிறது. அதே வேகத்தில் வளைந்தோட உடலை உட்புறமாக இழுக்கும் விசை இரு மடங்கு வேண்டும். வேகத்தைக் குறைத்து வளைவதே அங்கு பழக்கமாகிவிடுகிறது. கொழும்பின் விரிந்த வளைவிலும் கால் அப்பழக்கத்தையே நாடுகிறது!

இரண்டாம் நிரலில் நிற்கும் பிள்ளை, 400 மீற்றர் ஓட்டத்தில் முதல் நிரலைவிட 7.04 மீற்றர் முன்னே நிறுத்தப்படும். வெளிநிரலுக்கு இது 50 மீற்றரையும் கடக்கிறது. முன்னே எவரையும் காணாது தனித்து ஓடுவதும் பயிற்சியால் வரவேண்டிய ஒன்றே.

போர் முடிந்த 2009க்கு முன்னர் வன்னிப் பிள்ளைகளுக்கு இப்பயணமே அரிதாக இருந்தது. இப்போது வீதி திறந்திருக்கிறது. எனினும் செயற்கைத் தடம் அமைப்பது பெருஞ்செலவு. வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோவதால் சில ஆண்டுகளில் மீண்டும் இடவும் வேண்டும். ஊருக்கு ஒன்று கேட்பது நியாயமன்று. போட்டிக்கு இரு நாட்கள் முன்னதாகத் தொலைதூரப் பிள்ளைகளுக்கு அரங்கின் கதவைத் திறந்துவிடுவதற்கு அவ்வளவு செலவில்லை.

அதுவரை ஆசிரியர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. 36.50 மீற்றர் நீளக் கயிறு ஒன்றை எடுங்கள். ஊருக்கு வெளியே சமதரையான வெளியில் முளையடித்து, கயிற்றின் மறுநுனியைப் பிடித்து அரைவட்டம் இடுங்கள். முழுத் தடத்துக்கு இடமில்லாவிடினும், ஏறத்தாழ 115 மீற்றர் நீளமான அந்த ஒரு வளைவு கிடைத்துவிடும். அதிலிருந்து 1.22 மீற்றர் தள்ளி இன்னொரு கோடு இட்டால் ஒரு நிரல் ஆயிற்று. பிள்ளைகள் மாலையில் அதில் ஓடட்டும்.