கல்லும் நிழலும்: சிலைகளைப் படமெடுக்கும் முறை

கல்லில் செதுக்கிய உருவம் புகைப்படத்தில் துலங்குவது நிழலால்தான். நேரில் பார்க்கும்போது மூக்கின் எடுப்பையும் தோளின் திரட்சியையும் இரு கண்களும் சேர்ந்து உணர்த்திவிடுகின்றன. கேமராவுக்கு ஒற்றைக் கண். மேடு எது, பள்ளம் எது என்று அதற்குச் சொல்ல ஒளியும் நிழலும் அருகருகே விழ வேண்டும். ஆகவே சிலையைப் படமெடுப்பவர் முதலில் தேடவேண்டியது பக்கவாட்டு வெளிச்சம்.

இதைப் பழக, குமரி மாவட்டத்தின் திருவட்டாறும் சுற்றியுள்ள ஊர்களும் ஏற்ற இடங்கள். சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய சிற்பங்களுக்கு ஆழம் குறைவு. வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் உருவமும் பாறையும் ஒரே பரப்பாகிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வான வெயில் பாறையை உரசிச் செல்லும்போதுதான் முகமும் கையும் தனித்தெழும். கேமராவின் ஃபிளாஷும் நேர் வெளிச்சமே. அது நிழலை அழித்துச் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் நம்மாழ்வார் பாடிய தலம்; 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று இங்கே குடமுழுக்கு நடந்தது. பள்ளிகொண்ட பெருமாளின் 22 அடி நீளத் திருமேனி கடுசர்க்கரை யோகம் எனப்படும் கலவையால் ஆனது. மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும். கருவறையைப் படமெடுக்க அனுமதி இல்லை. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. எனவே பிரகாரச் சிற்பங்களை எடுக்க விரும்புவோர் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

இக்கோயிலின் நீண்ட பிரகாரத்தில் தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவைகள் நிற்கின்றன. அவை அனைத்தையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் எந்தப் பாவையின் முகமும் தெரியாது. இரண்டு விதமாக எடுப்பது நல்லது. தூண்களின் வரிசை தொலைவில் ஒரு புள்ளியில் கூடும்படி, பிரகாரத்தின் நடுவில் நின்று ஒரு படம். பிறகு ஒரே ஒரு பாவையைத் தேர்ந்து, முற்றத்து வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும் நேரம் பார்த்து இன்னொரு படம். கேமரா சிலையின் மார்பு உயரத்தில் இருக்கவேண்டும். கீழிருந்து எடுத்தால் முகவாய் பெருத்து நெற்றி சுருங்கும். சிற்பி வகுத்த அளவு கெடும்.

கருங்கல் சிலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. அதனால் எண்ணெய் ஊறிய கரிய கல் படத்தில் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்தால் கருமை மீளும். பிரகாசமான வானத்தைப் பின்னணியாகக் கொண்ட சிலைக்கு நேர்மாறாகச் சற்றுக் கூட்டவேண்டும்.

நினைவுச் சின்னங்களைப் பொறுத்தவரை, நிற்கும் இடமே படத்தைத் தீர்மானிக்கிறது. பறளியாற்றின் மேல் செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரமும் 28 தூண்களும் கொண்டது. தூணின் அடியில் நின்று கேமராவை அண்ணாத்தினால் தூண்கள் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். விலகிப்போய், கேமராவைச் சாய்க்காமல் எடுத்தால் அவை நேராக நிற்கும். ஆற்றங்கரையில் நடப்பவர் ஒருவர் சட்டகத்துக்குள் வந்தால் பாலத்தின் உயரம் பார்ப்பவருக்குச் சட்டென்று விளங்கும். கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் இது பொருந்தும்: அருகே செல்லும் படகு அதன் பெருமையை அளந்து காட்டும்.

பின்னணியையும் கவனிக்கவேண்டும். மின்கம்பியோ விளம்பரப் பலகையோ சிலையின் தலைக்குப் பின்னால் வந்தால், இரண்டடி விலகி நின்றாலே பெரும்பாலும் மறைந்துவிடும். சிலை பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடுவது வழக்கம். பார்வை தடைபடாமல் இருக்கும்.

அழகான படத்தோடு ஆவணப் படமும் தேவை. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் சிலையை அடையாளம் காண உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்துவைத்திருந்த படங்கள். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்த அச்சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. ஆகவே ஒளிநிழலோடு ஒரு படம் எடுத்ததும், சிலை முழுவதும் பீடத்தோடு நேராகத் தெரியும் இன்னொரு படத்தையும் எடுத்து, ஊரும் தேதியும் குறித்துவைக்க வேண்டும். சிலைக்கு ஆபத்து வரும் நாளில் அந்தப் படமே சான்றாகும்.