கோழிக் கொட்டகையில் காற்று போய் வருதா?

காலையில் கொட்டகையைத் திறந்ததும் கண் எரியுதா, மூக்கில் நெடி ஏறுதா? அது ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்று அடைபட்டால் சளி, கண் நோய் வரும். கோடையில் உயிரே போகலாம்.

குறைந்த செலவிலேயே சரி செய்யலாம். புதிதாகக் கட்டினால் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். ஓரடிச் சுவருக்கு மேல் கூரை வரை, பாம்பு, கீரி நுழையாத சின்னக் கண் கம்பிவலை அடியுங்க. பழைய கொட்டகையில் கூரையை ஒட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு வையுங்க. சூடான காற்று அதன் வழியே வெளியேறும்.

மழைக்குச் சாக்கு கட்டினாலும் மேல் அரை அடியை மூடாதீங்க. தரையில் உமி பரப்பி அடிக்கடி கிளறுங்க. நனைந்ததை உடனே அள்ளிடுங்க.

மூச்சுத் திணறல் தெரிந்தால், பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்க.