பாதியில் நின்ற தடுப்பூசி

தடுப்பூசியை ஒரு தவணையோடு நிறுத்துவதற்கும் முழுமையாகப் போட்டுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அவற்றில் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது காவல் துறையினரிடையே நடந்த ஆய்வு. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களில் நடந்ததைச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. மாநிலக் காவல் துறையில் அப்போது இருந்தவர்கள் 1,17,524 பேர். அவர்களில் 67,673 பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தார்கள். 32,792 பேர் ஒரு தவணை மட்டும் போட்டிருந்தார்கள். 17,059 பேர் ஊசியே போடவில்லை. ஊரடங்கில் சாலையில் நின்றவர்கள், மருத்துவமனை வாசலில் கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள் என்று எல்லாரும் நோயோடு நேருக்கு நேர் நின்றவர்கள்தான். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவர்களில் 31 பேர் கொரோனாவுக்குப் பலியானார்கள். ஊசி போடாதவர்களில் 20 பேர், ஒரு தவணை போட்டவர்களில் 7 பேர், இரண்டும் போட்டவர்களில் 4 பேர்.

எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரிவில்தான் மிக அதிகமான சாவுகள் நேர்ந்தன. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கணக்கிட்டால், ஊசி போடாதவர்களில் 1.17, ஒரு தவணைக்காரர்களில் 0.21, இரண்டு தவணைக்காரர்களில் 0.06. மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணை 82 விழுக்காடும் இரண்டு தவணை 95 விழுக்காடும் பலன் தந்தன என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். வயது, நீரிழிவு போன்ற இணைநோய்கள், முன்பே தொற்று வந்துபோனதா என்பவற்றை இந்த ஆய்வு தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

82-க்கும் 95-க்கும் இடையே 13தானே என்று தோன்றலாம். அப்படிப் பார்ப்பது தவறு. பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் ஆபத்தை. நூறில் 18 பங்கு ஆபத்து மிச்சமிருப்பதும் 5 பங்கு மிச்சமிருப்பதும் ஒன்றாகாது. முதல் தவணையோடு நின்றவர்கள், இரண்டும் போட்டவர்களைப் போல மூன்றரை மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். காவல் துறை முழுவதும் இரண்டு தவணையும் போட்டிருந்து, அதே விகிதம் எல்லாருக்கும் பொருந்தியிருந்தால், 31 என்ற எண்ணிக்கை ஏழை ஒட்டி நின்றிருக்கும்.

இது மரணத்தைப் பற்றிய கணக்கு. நோய் தொற்றி அறிகுறிகள் வருவதைத் தடுப்பதில் முதல் தவணையின் பலம் இன்னும் குறைவு. வைரஸ் உருமாறியபோது அது மேலும் சரிந்தது. இங்கிலாந்தில் 2021-இல் நடந்த பெரிய ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஆல்பா வகை பரவியபோது ஒரு தவணை ஏறத்தாழ 49 விழுக்காடு பாதுகாப்பு தந்தது. டெல்டா வந்ததும் அது 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அஸ்ட்ராஜெனகா தடுப்பூசியை இரண்டு தவணையும் போட்டவர்களிடம் பாதுகாப்பு 75-லிருந்து 67 விழுக்காட்டுக்குத்தான் குறைந்தது. ஃபைசர் போட்டவர்களிடம் 94-லிருந்து 88-க்கு வந்தது. பெருந்தொற்றின்போது தவணைகளை முடிப்பதற்கான முதல் காரணம் இதுதான். இன்று பரவும் வகையைச் சமாளிக்க ஒரு தவணை ஓரளவு போதுமானதாகத் தெரியலாம். அடுத்த மாதம் வரும் வகை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முழுமையான எதிர்ப்பாற்றல் உள்ளவரிடம் கொஞ்சம் குறைந்தாலும் தாங்குவதற்கு மிச்சம் இருக்கிறது. அரைகுறையாக உள்ளவரிடம் அந்த மிச்சம் இல்லை.

ஒரே மருந்தை இன்னொரு முறை செலுத்தினால் எப்படி இவ்வளவு மாற்றம் வருகிறது? முதல் ஊசி உள்ளே போனதும், வைரஸின் புரதத்தை அடையாளம் காணக்கூடிய சில ‘பி’ அணுக்களும் ‘டி’ அணுக்களும் விழித்துக்கொள்கின்றன. அவை நிணநீர் முடிச்சுகளில் கூடிப் பெருகுகின்றன. எதிர்ப்புரதங்கள் சுரக்கத் தொடங்க இரண்டு வாரம்வரை ஆகும். அந்த முதல் சுரப்பு அளவிலும் குறைவு, வைரஸைப் பற்றிப் பிடிக்கும் இறுக்கத்திலும் குறைவு. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை நடக்கிறது. நிணநீர் முடிச்சுக்குள் பி அணுக்கள் தம் மரபுக்கூற்றில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து பார்க்கின்றன. இறுக்கமாகப் பிடிப்பவை பிழைக்கின்றன, பிடிக்காதவை மடிகின்றன. வாரக்கணக்கில் நடக்கும் இந்தச் சலிப்பில் தேறியவை நினைவணுக்களாகத் தங்குகின்றன. இரண்டாம் தவணை போய்ச் சேரும்போது அதை எதிர்கொள்பவை இந்தத் தேறிய அணுக்கள்தான். அவை சில நாட்களிலேயே பல மடங்கு பெருகி, முன்னிலும் கூர்மையான எதிர்ப்புரதங்களை ஏராளமாகச் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் தங்கிச் சுரந்துகொண்டே இருக்கும் அணுக்களும் உருவாகின்றன. இரண்டாம் ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னது, இந்தப் பெருக்கம் நிறைவேறக் கொடுத்த அவகாசம்.

எல்லாத் தடுப்பூசிகளும் ஒரே வகையில் வேலை செய்வதில்லை. கோவாக்சின் செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. உடலுக்குள் அது பெருகாது, புரதத்தையும் புதிதாக உண்டாக்காது. இத்தகைய ஊசியில் முதல் தவணை அடித்தளம் போடுவதோடு சரி, பாதுகாப்பு பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குப் பிறகுதான் உருவாகிறது. கோவாக்சினின் 77.8 விழுக்காடு செயல்திறன் என்று சொல்லப்பட்டது இரண்டு தவணையும் போட்டவர்களிடம் கண்டது. கோவிஷீல்டு வேறு வகை. சிம்பன்சியிடமிருந்து எடுத்து, பெருக முடியாதபடி மாற்றிய அடினோ வைரஸ் ஒன்று, கொரோனாவின் முள்புரதத்துக்கான மரபுக்குறிப்பைச் சுமந்துவருகிறது. இதில் முதல் தவணைக்கே ஓரளவு பலம் உண்டு. தவணைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் இரண்டாம் தவணையின் பலன் உயர்வதும் தெரியவந்தது. ஆறு வாரத்துக்குள் இரண்டாவதைப் போட்டவர்களிடம் 55 விழுக்காடாக இருந்த செயல்திறன், பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ பொறுத்துப் போட்டவர்களிடம் 81 விழுக்காடாக இருந்தது.

இந்த அறிவியல் சரியானது. ஆனால் அது மக்களுக்குப் போய்ச் சேர்ந்த விதம் குழப்பத்தை உண்டாக்கியது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது கோவிஷீல்டுக்கான இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம். மார்ச்சில் அது ஆறு முதல் எட்டு வாரம் ஆனது. மே மாதம் 12 முதல் 16 வாரம் ஆனது. மே மாதம் ஊசிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலமும்கூட. தட்டுப்பாட்டை மறைக்கத்தான் தேதியைத் தள்ளுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. நான்கு வாரம் கழித்து வரச் சொன்னவர்கள், வந்த பிறகு இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பியபோது, பலர் அந்தத் தேதியை மறந்தே போனார்கள். பரவல் தணிந்தது, வேலைகள் மீண்டும் தொடங்கின, ஊசி பின்னுக்குப் போனது. அந்த ஆண்டு அக்டோபர் முடிவில், தேதி கடந்தும் இரண்டாம் தவணை போடாதவர்கள் நாடு முழுவதும் 10 கோடிக்கு மேல் இருந்தார்கள்.

இவர்களைத் தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு முறை தாமாக வந்து, வரிசையில் நின்று, கையை நீட்டியவர்கள் இவர்கள். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுத்ததில் கூலி போனது, இன்னொரு முறை முடியாது என்று நினைத்தவர்கள் ஏராளம். கோவிஷீல்டைப் பொறுத்தவரை இரண்டாம் ஊசிக்குப் பின் காய்ச்சலும் வலியும் பெரும்பாலும் முதல் ஊசியைவிடக் குறைவாகவே இருந்தன. இதை ஊசி போட்ட இடத்திலேயே யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் கணிசமானவர்கள் திரும்ப வந்திருப்பார்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, 17-ஆம் தேதி காலமானது தமிழ்நாட்டில் பெரும் அச்சத்தைக் கிளப்பியது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில். அச்சம் பரவிய ஒரே நாளுக்கும் விளக்கம் வந்த ஆறு மாதத்துக்கும் நடுவே எத்தனை பேர் தயங்கி நின்றார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

அஞ்சுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. அஸ்ட்ராஜெனகா வகை ஊசிக்குப் பின், தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் ஆபத்தான விளைவு மிக அரிதாக ஏற்பட்டதும், அதில் சிலர் இறந்ததும் உண்மை. அது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிந்தைய சில வாரங்களில் நேர்ந்தது. இரண்டாம் தவணைக்குப் பிறகு அதைவிடவும் மிகக் குறைவு. இந்தச் செய்தி 2024-இல் மறுபடி பெரிதாகப் பேசப்பட்டபோது, இந்த விவரம் பல இடங்களில் விடுபட்டுப்போனது.

தமிழ்நாட்டில் இரண்டாம் தவணைக்காரர்களைத் தேடிப் பிடித்த முறை கவனிக்கத் தக்கது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. 20 லட்சம் பேருக்குப் போடத் திட்டமிட்டு, 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் முகாம்கள் தொடர்ந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, மது குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியிருந்தது. ஞாயிறு கறி எடுக்கும் நாள். அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை. ஆனாலும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் நாளை மாற்றியது நல்ல முடிவு. நவம்பரில் ஒன்றிய அரசு ‘வீடு வீடாகக் கதவு தட்டும்’ இயக்கத்தைத் தொடங்கியது. செவிலியர்களும் ஊழியர்களும் பெயர்ப் பட்டியலோடு தெருத்தெருவாக நடந்தார்கள். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்காத, படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு இந்த வாசற்படி விசாரிப்பு ஒன்றுதான் நினைவூட்டல். தவணை தவறியவரைக் குறை சொல்வதைவிட, அவரைத் தேடிச் செல்லும் ஆள்பலம் சுகாதாரத் துறையிடம் இருப்பதுதான் பலன் தரும்.

அந்த நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் வந்தது. முழுமையான தவணை என்றால் எத்தனை என்ற கேள்வியும் கூடவே வந்தது. இரண்டு தவணை எதிர்ப்பாற்றலை மீறி அது தொற்றியது. தீவிர நோயைத் தடுக்கும் ஆற்றல் ஓரளவு நிலைத்தது, ஆனால் வயதானவர்களுக்கு அது போதவில்லை. 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததே இதற்குச் சாட்சி. அங்கே முதியவர்களில் பெரும்பகுதியினர் ஊசி போடாமலோ பாதியிலோ நின்றிருந்தபோது ஒமிக்ரான் பரவி, சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கோவாக்சினைப் போலவே செயலிழந்த வைரஸால் ஆன சீனத் தடுப்பூசி அங்கு பரவலாகப் போடப்பட்டிருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில், தீவிர நோயையும் சாவையும் தடுப்பதில் அதன் இரண்டு தவணை ஏறத்தாழ 70 விழுக்காடு பலன் தந்தது. மூன்று தவணை ஏறத்தாழ 98 விழுக்காடு தந்தது. இந்தியாவில் ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்ற பெயரில் மூன்றாம் ஊசி 2022 ஜனவரி 10 அன்று முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோயுள்ள முதியவர்களுக்கும் தொடங்கியது. திட்டத்தின் மொத்தக் கணக்கில் முதல் தவணை போட்டவர்கள் 102 கோடிக்கு மேல், இரண்டாவதைப் போட்டவர்கள் 95 கோடி அளவில், மூன்றாவதற்கு வந்தவர்கள் 23 கோடிக்கும் குறைவு.

தவணைகளின் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை போதும் என்று மேலைநாடுகள் வகுத்திருந்த காலத்தில், இந்தியக் குழந்தைகளுக்கு அது போதாது, இன்னும் பல தவணை வேண்டும் என்று ஆய்வில் காட்டியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான். மீண்டும் மீண்டும் கொடுத்ததால்தான் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ தாக்கவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாத ஊசிகள் மனப்பாடம். ஆனால் கொரோனா இந்த ஒழுங்கையும் கலைத்தது. 2021-இல் உலகம் முழுவதும் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான மூன்று தவணையை முடிக்காத குழந்தைகள் 2.5 கோடி. அவர்களில் 1.8 கோடிப் பேர் முதல் ஊசியே போடாதவர்கள். மிச்சம் ஏறத்தாழ 70 லட்சம் குழந்தைகள் பாதியில் நின்றவர்கள்.

பாதியில் நின்றதைத் தொடர்வது கடினமில்லை. குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவணுக்கள் காத்திருக்கின்றன, விட்ட தவணையிலிருந்து தொடரலாம். வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, விடுபட்ட கட்டம் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டு அதை நிரப்பிக்கொள்ளுங்கள். அரசு நிலையங்களில் அந்த ஊசிகளுக்குக் கட்டணம் இல்லை.