கதவு போட்டுக் குடியிருக்கும் சிலந்தி

சிலந்தி என்றதும் வலைதான் ஞாபகத்துக்கு வரும். வலை கட்டாமல் மண்ணில் வளை தோண்டி, அதற்குக் கதவும் போட்டுக் குடியிருக்கிற ஒரு சிலந்தியைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இது இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்குக் கிழக்கே கோதுமை விளைகிற மானாவாரிச் சீமையில். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மண் காய்ந்து கிடக்கும். அந்த வெயிலுக்குத் தப்பத்தான் வளை. உள்சுவருக்கு நூல் பூச்சு. வாய்க்கு மண்ணும் நூலும் சேர்த்துச் செய்த மூடி, ஒரு பக்கம் கீல் வைத்த மாதிரி ஒட்டியிருக்கும்.

வேட்டையாடுகிற விதம்தான் வேடிக்கை. வளை வாயைச் சுற்றிச் சுள்ளிகளை விசிறி மாதிரி நூலால் ஒட்டி வைத்திருக்கும். ராத்திரியில் மூடிக்கு அடியில், விளிம்பிலே காலை வைத்துக் காத்திருக்கும். எறும்போ வேறு பூச்சியோ சுள்ளியை மிதித்தால் அதிர்வு காலுக்கு வந்துவிடும். தூண்டில் தக்கை ஆடினா மீன் கொத்துதுன்னு நமக்குத் தெரியுதில்லையா, அப்படித்தான். உடனே பாய்ந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிருக்கு இதனால் ஒரு கெடுதலும் கிடையாது.

ஆண், பருவம் வந்ததும் வளையை விட்டுப் பெண்ணைத் தேடிப் போகும்; சீக்கிரமே செத்தும் போகும். பெண்ணுக்கோ, குஞ்சாக இருக்கையில் தோண்டின வளைதான் சாகிற வரைக்கும். உடம்பு வளர வளர அதையே அகலப்படுத்திக்கொள்ளும். வேறிடம் குடிபோகாது.

இதை வெகு காலம் கவனித்துச் சொன்னவர் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார். அந்தப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவர். 1929-ல் பிறந்து 2019-ல் காலமானார். டாமின் ஊருக்கு அருகே உழாமல் விட்ட புதர்க்காட்டில், 1974 முதல் வளைகளுக்கு எண் போட்டு முளை அடித்து, வருஷாவருஷம் போய்ப் பார்த்து வந்தார். பதினாறாம் எண் சிலந்தி அந்த வருஷமே குடிவந்த குஞ்சு. 2016-ல் பார்த்தபோது மூடியில் ஓட்டை! குளவி துளைத்து முட்டை வைத்திருக்க வேண்டும், அதன் புழுவுக்குச் சிலந்தி இரையாகியிருக்கும் என்கிறார்கள். வயசு 43 என்று கணக்கிட்டார்கள். அதுவரை அறிந்த சிலந்திகளில் அதுதான் மூத்தது.

குளவிக்கு முன்னாலேயே கலப்பை வந்திருந்தால்? அந்தச் சீமையில் பெரும்பகுதிக் காட்டை அழித்துக் கோதுமை போட்டுவிட்டார்கள். ஆழவேர் மரங்கள் போனதால் நிலத்தடி நீர் மேலேறி, பல வயல்களில் உப்பு பூத்தது தனிக்கதை. இந்தச் சிலந்திக் குஞ்சுகள் தாய் வளைக்குப் பக்கத்திலேயேதான் குடியமரும். ஆகவே ஒருமுறை உழுத இடத்துக்கு அவை லேசில் திரும்பி வருவதில்லை. ஆட்டுக் குளம்பு பட்டாலே மூடியும் சுள்ளியும் சிதறிப் போகும். மிச்சமுள்ள காட்டுத் துண்டுகளுக்கு ஆடு நுழையாமல் வேலி போட்டிருக்கிற விவசாயிகளும் அங்கே இருக்கிறார்கள்.