செயலி மாற்றத்திற்குப் பின் கணினி தொடங்காமை

செயலி மாற்றத்திற்குப் பின் கணினி தொடங்காமை என்பது மேசைக்கணினியில் பழைய செயலியைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பின்னர், இயங்குதளம் தோன்றும் நிலைக்குக் கணினி வராமல் நின்றுவிடும் பழுதாகும். மின்விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருப்பது இதன் வழக்கமான வெளிப்பாடு. புதிய செயலியோ தாய்ப்பலகையோ எரிந்துவிட்டது எனப் பயனர்கள் முடிவு கட்டி, மற்றொன்றை வாங்கிவிடுவதும் உண்டு. ஆனால் இரண்டும் நல்ல நிலையில் இருந்து, தாய்ப்பலகையின் பயாஸ் மட்டும் புதிய செயலியை அறியாதிருக்கும் நிகழ்வுகள் பல.

பின்னணி

1990களில் செயலிக்குரிய மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகையில் ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பிகளைக் கொண்டு கையால் அமைக்க வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் வெளியான பென்டியம் எம்எம்எக்ஸ் செயலியின் உட்கரு 2.8 வோல்ட்டில் இயங்கியது. அதற்கு முந்தைய பென்டியம் பலகைகள் பல 3.3 வோல்ட் மட்டுமே வழங்கின. பிற்காலத்தில் இவ்வேலையைப் பயாஸ் ஏற்றுக்கொண்டது. எரியும் ஆபத்து குறைந்தது. பயாசுக்குத் தெரியாத செயலி இயங்காது என்னும் நிலை வந்தது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கான பட்டியலில் இன்டெலின் செயலிகள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்தே இடம்பெறுகின்றன. ஏஎம்டியின் ரைசன் 1000 வரிசைக்கு அதில் இடமில்லை. எனவே செயலியை மட்டும் மாற்றிப் பழைய கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணம் பலருக்கும் எழுகிறது.

பொருத்துவாய் ஒன்றாயினும்

செயலி பொருத்துவாயில் அமர்ந்துவிட்டது என்பதாலேயே அது இயங்கும் எனக் கொள்ள முடியாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இன்டெலின் எல்ஜிஏ 1151 பொருத்துவாய் ஆகும். 6, 7, 8, 9 ஆகிய தலைமுறைச் செயலிகள் அனைத்தும் 1151 தொடுமுனைகளைக் கொண்டவை, வடிவமும் ஒன்றே. ஆயினும் 2017 அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறையில் தொடுமுனைகள் சில வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு 300 வரிசைச் சில்லுத்தொகுதி தேவை; 100, 200 வரிசைப் பலகைகளில் இவற்றை இயக்க இன்டெல் ஆதரவு அளிக்கவில்லை. விண்டோஸ் 11க்காக 7ஆம் தலைமுறைக் கணினியில் 8ஆம் தலைமுறைச் செயலியை வாங்கிப் பொருத்துவோர் ஏமாறுவது இங்கேதான். தாய்ப்பலகைத் தயாரிப்பாளர் வெளியிடும் செயலிப் பட்டியலைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்ப்பது நலம்.

பயாஸ்

ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்துவாயில் நிலைமை வேறு. 2017இல் ரைசன் செயலிகளுடன் பரவலான இப்பலகைகள் பலவற்றில் 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசையும் இயங்கும். ஆனால் அதற்குப் பயாஸ் புதுப்பிக்கப்பட வேண்டும். 300 வரிசைப் பலகைகளுக்கு அத்தகைய பயாஸ் பரவலாகக் கிடைத்தது 2022இல்தான்.

இதில் ஒரு முடிச்சு உள்ளது. பயாசைப் புதுப்பிக்கக் கணினி ஓட வேண்டும். கணினி ஓடப் பயாஸ் அறிந்த செயலி வேண்டும். ஆகவே பழைய செயலி பலகையில் இருக்கும்போதே பயாசைப் புதுப்பித்துவிட்டு, அதன் பின்னரே புதியதைப் பொருத்துதல் வேண்டும். பழைய செயலியை முன்னதாகவே விற்றுவிடுவது பெருந்தவறு. 2018 பெப்ரவரியில் ரைசன் 5 2400ஜி, ரைசன் 3 2200ஜி ஆகியவை வெளியானபோது, கடைகளில் இருந்த பழைய பலகைகளில் அவை தொடங்கவில்லை. பயாசைப் புதுப்பிக்க மட்டும் ஒரு எளிய செயலியை வாடிக்கையாளருக்கு இரவலாக அனுப்பி, பின்னர் திரும்பப் பெறும் திட்டத்தை ஏஎம்டி நடத்தியது.

தமிழ்நாட்டில் அந்த இரவல் செயலியின் இடத்தைச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு நிரப்புகிறது எனலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களில் இருப்போர் முழுப் பெட்டியையும் பேருந்தில் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. தாய்ப்பலகை, செயலி, ரேம் ஆகியவை போதும். சில பலகைகளில் செயலியே இல்லாமல் யுஎஸ்பி நினைவியிலிருந்து பயாசை எழுதும் பொத்தானும் உண்டு.

பயாஸ் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால் பலகை செயலற்றுப் போகலாம். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில் யுபிஎஸ் இன்றி இதைச் செய்யக்கூடாது. அவ்வாறு கெட்டுப்போன சில்லுக்கு வெளிக்கருவி கொண்டு மீண்டும் எழுத முடியும் என்பதால், பலகையைக் குப்பையில் போடத் தேவையில்லை.

காரணத்தைக் கண்டறிதல்

மின்விசிறியே சுழலவில்லையெனில் மின்வழங்கியின் இணைப்பையும் பெட்டியின் பொத்தான் கம்பியையும் பார்க்க வேண்டும். சுழன்றும் திரை வரவில்லையெனில், செயலிக்கு அருகில் உள்ள 4 அல்லது 8 முனை கொண்ட 12 வோல்ட் இணைப்பு செருகப்பட்டுள்ளதா என முதலில் நோக்குக. குளிர்விப்பியைக் கழற்றி மாட்டும்போது இது விடுபடுவது மிக இயல்பு.

அடுத்து, புதிய செயலியில் வரைகலைப் பகுதி உள்ளதா என அறிதல் வேண்டும். ரைசன் 3 3200ஜி இருந்த இடத்தில் ரைசன் 5 5600ஐ வைத்தால், தனி வரைகலை அட்டை இன்றித் திரையில் எதுவும் வராது. இன்டெலில் பெயரின் இறுதியில் எஃப் எழுத்துள்ளவையும் இத்தகையனவே. கணினி முழுமையாக ஓடிக்கொண்டிருந்தும் ஓடவில்லை எனத் தோன்றும் நிலை இது.

இவை சரியெனில், மின்சாரத்தைத் துண்டித்துப் பலகையின் சிஆர்2032 மின்கலத்தைச் சில நிமிடங்கள் அகற்றிப் பயாஸ் அமைப்புகளை அழித்துவிட்டு, ஒரே ஒரு ரேம் துண்டுடன் முயலலாம். ரேமைச் சோதித்துப் பழகும் பணி முதல் தொடக்கத்தில் நீளக்கூடும். டிடிஆர்5 வகைப் பலகைகளில் பல நிமிடங்கள்கூட ஆகலாம்; பொறுமையின்றி அணைக்கக்கூடாது.

ஏஎம்4 செயலியின் அடியில் 1331 ஊசிகள் உள்ளன. வெப்பப்பசை இறுகியிருந்தால் குளிர்விப்பியோடு செயலியும் பிய்ந்து வந்து ஊசிகள் வளையும். கழற்றுமுன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கி, அணைத்த பின் குளிர்விப்பியை மெல்லத் திருகி எடுப்பது வழக்கம்.

திரை தோன்றிய பின்

பயாஸ் அமைப்புகள் அழிந்ததால் வட்டு காணப்படவில்லை என்னும் செய்தி வரலாம். பழைய தொடக்க முறையையும் சாட்டா முறையையும் முன்பிருந்தவாறே அமைத்தால் இது தீரும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது மறையாக்கம். ரைசன் கணினிகளில் செயலி மாறியதும், எஃப்டிபிஎம் தரவை அழித்துப் புதிதாக அமைக்கவா என ஒரு செய்தி கேட்கும். வட்டு பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்து, 48 இலக்க மீட்புத் திறவுகோல் கையில் இல்லாத நிலையில் ஒய் விசையை அழுத்தினால், வட்டிலுள்ள தரவை மீட்க வழியில்லாமல் போகும். விண்டோஸ் 11 பல கணினிகளில் இம்மறையாக்கத்தைப் பயனர் அறியாமலே இயக்கிவிடுகிறது. திறவுகோல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். ஐயம் இருப்பின் என் விசையை அழுத்திவிட்டுப் பழைய செயலியை மீண்டும் பொருத்தி, பிட்லாக்கரை நிறுத்திய பின்னரே மாற்றத்தைத் தொடரலாம்.